பாய்மரத்தடியில் ஒரு குடித்தனம்

செப்டம்பர் 8ஆம் தேதி மாலையில், பெங்களூர் சிவாஜிநகரின் மரியன்னை பேராலயத்துத் தேர் புறப்படும் வேளையில், ரஸ்ஸல் மார்க்கெட்டின் வாசல் தொடங்கிச் சுற்றியுள்ள வீதிகளெங்கும் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்க, மத பேதமின்றித் திரண்டு நிற்கும் ஜனங்களின் தலைகளுக்கு மேலே, சேலை உடுத்திய அன்னையின் திருவுருவம் விளக்கொளியில் மெல்ல அசைந்து வருவதைக் காண்பவர் எவரும், தாம் நிற்கும் இடம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ள பீடபூமி என்பதை நினைப்பதில்லை. ஆயினும் இந்த விழாவுக்குக் கடலோடு உறவு உண்டு. அதே நாளில் வேளாங்கண்ணியிலும் விழா. புயலில் அகப்பட்ட போர்த்துகீசிய மாலுமிகள் மாதாவை வேண்டிக்கொண்டு, அவள் பிறந்த நாளாகிய அந்நாளில் உயிரோடு அங்கே கரை சேர்ந்தார்கள் என்பது வழிவழியாக வழங்கிவரும் விருத்தாந்தம். 1809இல் இங்கே ராணுவப் பாளையம் ஏற்பட்டபின் வட ஆர்க்காட்டிலிருந்தும் செஞ்சிச் சீமையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து, அக்காலத்தில் பிளாக்பள்ளி என்று பெயர் பெற்றிருந்த இந்தப் பேட்டையில் குடியேறிய தமிழ் மக்கள், தங்கள் மூட்டை முடிச்சுகளோடு சோழமண்டலக் கரையின் ஒரு திருநாளையும் மலையேற்றிக் கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தப் பேட்டையின் இன்றைய பெயருக்கும் அக்கடலோடு ஒரு தொடர்பு உண்டென்பதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். 1638ஐ ஒட்டிப் பெங்களூரை ஜாகீராகப் பெற்ற ஷாஹாஜியின் மகன்களில் சிவாஜி இளம்பருவத்தில் சிறிது காலம் இந்நகரில் இருந்தவர். மற்றொரு மகனாகிய ஏகோஜியோ இங்கிருந்தே தெற்கே சென்று, 1675ஐ ஒட்டித் தஞ்சாவூரில் மராட்டிய அரசை நிறுவினார். அந்த ஏகோஜியின் வம்சத்தில் வந்த இரண்டாம் சரபோஜி மன்னர், நெப்போலியன்மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றியின் ஞாபகார்த்தமாக 1814இல் எழுப்பிய மனோரா என்னும் எட்டடுக்குக் கோபுரம், பாக் நீரிணையை நோக்கி இன்றும் நிற்கிறது. கோபுரத்தைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். அந்தக் கோபுரத்துக்கு முன்னே விரிந்து கிடக்கும் ஆழமற்ற கடலில், பாய் விரித்த தோணிகளில், கைக்குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டும், கட்டுச்சோற்றை முந்தானையால் மூடிக்கொண்டும், இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் போய்வந்த குடும்பங்களைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே.

தமிழர்களின் கடற்சரித்திரத்தை நாம் அரசர்களின் படையெடுப்பாகவும் வணிகர்களின் சரக்குப் பட்டியலாகவும் படித்துப் பழகிவிட்டோம். ராஜேந்திரனுடைய கப்பற்படை கடாரம் சென்றது. நாகப்பட்டினத்தில் விஹாரம் எழுந்தது. மிளகும் முத்தும் துணியும் ஏற்றுமதியாயின. இவையெல்லாம் மெய்யே. எனினும் இரு கரைகளையும் ஒரே சமூகமாகப் பிணைத்து வைத்திருந்தது, நேர்த்திக்கடன் செலுத்தவும் உறவினரைக் காணவும் பஞ்சத்துக்குத் தப்பவும் பாய்க்கலத்தில் ஏறிய சாதாரணக் குடும்பத்தின் ஓரிரவுப் பிரயாணந்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சரித்திரத்தின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, படையையும் பண்டத்தையும் மட்டும் பேசினால், அந்தக் கடலைப் பாதியளவே அறிந்தவர்கள் ஆவோம்.

நமது பழைய இலக்கிய மரபு பெண்ணுக்குக் கரையையே ஒதுக்கியது. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். கடல்மேற் சென்றவனை எண்ணி மணற்பரப்பில் நிற்பவள் தலைவி. கணவன் கடலில் இருக்கையில் மனைவியின் ஒழுக்கமே அவனைக் காக்கும் என்ற நம்பிக்கை, தகழியின் செம்மீன் நாவலால் உலகறிந்தது. மேலைக் கரையைப் போலவே கீழைக் கரையிலும் அதன் சாயல்கள் உண்டு. ஆனால் அதே பழைய இலக்கியத்தில், கப்பலில் ஏற்றப்பட்ட ஒரு குழந்தையின் கதையும் இருக்கிறது. சாத்தனாரின் மணிமேகலையில், நாகநாட்டு இளவரசி பீலிவளை, சோழ மன்னன் கிள்ளிக்குப் பிறந்த ஆண்மகவோடு மணிபல்லவத்துக்கு வந்து, அங்குள்ள புத்த பீடிகையை வலம் வந்து வணங்கியபின், அத்தீவில் நின்ற கம்பளச் செட்டியின் கலத்தில் அக்குழந்தையைத் தந்தையிடம் அனுப்பிவைக்கிறாள். அன்றிரவே கரையருகில் கலம் உடைகிறது. பிழைத்து வந்தவர்கள் செய்தியை அரசனிடம் சொல்லுகிறார்கள். மகனைத் தேடி அலையும் மன்னன் இந்திர விழாவை மறக்கிறான். மணிமேகலா தெய்வத்தின் சினத்தால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்ளுகிறது. ஒரு மாநகரத்தின் அழிவுக்கு மூலகாரணமாக ஒரு கைக்குழந்தையின் கடற்பயணத்தைக் காட்டிய காவியம் வேறெந்த மொழியிலாவது உண்டோ, நான் அறியேன். அந்த மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு என்று அறிஞர் பலர் கொள்வர். அங்குள்ள நாகபூஷணி அம்மன் கோயிலில், பிள்ளைப்பேறு வேண்டியும் பெற்ற பிள்ளையின் நேர்த்தியைச் செலுத்தவும் குடும்பங்கள் இன்றும் படகேறி வருகின்றன. அடியார்களுக்கு அன்னமிடும் சபை அமுதசுரபி என்ற பெயர் தாங்கி நிற்கிறது. மறந்துபோன இந்திர விழாவோ, அக்கரையில் வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் கோயிலில், சித்திரைப் பௌர்ணமியன்று கடலோடிகளின் ஊர்த் திருநாளாக இன்றும் நடைபெறுகிறது.

இந்தக் கடலின் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும். கோடிக்கரை, வேதாரணியப் பகுதிக்கும் யாழ்ப்பாணத்து வடகரைக்கும் இடையிலுள்ள தூரம் முப்பது மைலுக்குச் சற்று மிகுதி, ஆழம் குறைவு, ஆழம் குறைந்த நீரில் காற்று மிகும்போது எழும் அலைகள், பெருங்கடலின் நெடிய அலைகளைப் போலக் கலத்தைத் தாலாட்டாமல், குறுகிக் குறுகி வந்து மோதித் தூக்கிப்போடும். காற்றுகளுக்கு இருகரை மக்களும் ஒரே பெயர்களை வைத்திருக்கிறார்கள். வடக்கே இருந்து வருவது வாடை, தெற்கே இருந்து வருவது சோழகம், கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கச்சான். யாழ்ப்பாணத்திலிருந்து சோழ நாட்டுக் கரைக்குப் போகிறவனுக்குச் சோழகம் துணை. திரும்புகிறவனுக்கு வாடை துணை. ஐப்பசியும் கார்த்திகையும் புயல் மாதங்கள். அது கழிந்து, தை பிறந்து, வாடை தணிந்து கடல் அடங்கும் மாசி பங்குனியே பெண்டு பிள்ளைகளோடு கடலில் இறங்கத்தக்க காலம். கச்சத்தீவு அந்தோணியார் திருநாள் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வருவதற்கும் காற்றின் இந்த ஒழுங்குக்கும் உள்ள பொருத்தம் கவனிக்கத்தக்கது.

கலங்களிலும் பல வகை உண்டு. தூத்துக்குடியிலும் வல்வெட்டித்துறையிலும் கட்டப்பட்டுக் கொழும்புக்கும் மலையாளக் கரைக்கும் ரங்கூனுக்கும் சரக்கேற்றிச் சென்ற பெருந்தோணிகள் ஒருபுறம். ராமேசுவரத்து வத்தைகளும் யாழ்ப்பாணத் தீவுகளுக்கு ஆள் ஏற்றிய மச்சுவாய்களும் மறுபுறம். ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர், சென்னை மீன்துறையில் உத்தியோகம் வகித்துக்கொண்டே, 1920இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இத்தகைய கலங்களின் அமைப்பை மிகுந்த சிரத்தையோடு விவரித்திருக்கிறார். அவர் அளந்தவை மரமும் கயிறும் பாயும். முகப்பாகிய அணியத்திலிருந்து பின்புறமாகிய அமரம் வரையிலுள்ள அந்த மரப்பரப்பில் ஒரு குடும்பம் எங்கே உட்கார்ந்தது, எங்கே படுத்தது, எதை உண்டது என்பவை அவருடைய ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டவை.

அதைச் சற்று நிதானமாக நினைத்துப் பார்ப்போம். சிதம்பர தரிசனத்துக்காக யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்துக்குப் பிரயாணம் கடற்கரையில் தொடங்குவதில்லை. அது அடுக்களையில் தொடங்கும். பல நாள் கெடாத பண்டங்களே கடலுக்கு ஏற்றவை. பனம்பழச் சாற்றை வெயிலில் காயவைத்து எடுத்த பனாட்டும், அவித்து உலர்த்திய பனங்கிழங்காகிய புழுக்கொடியலும், பொரிமாவும் ஓலைப் பெட்டிகளில் அடுக்கப்படும். முதல் வேளைக்குப் புளிச்சோறு. குடிநீர்க் குடங்கள் உருளாதபடி கயிற்றுச் சுருளின் நடுவே அமர்த்தப்படும். அணியத்தில் கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தபின், கலத்தின் தலைவராகிய தண்டையல் நங்கூரத்தை எடுக்கச் சொல்லுவார். ஆஞ்சான் கயிற்றை மாலுமிகள் ஒருங்கே இழுக்க, பருமல் மரத்தோடு பாய் மேலெழுந்து காற்றை வாங்கும்போது, கலம் ஒருபுறமாகச் சாயும். பெண்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு மேட்டுப் பக்கத்துக்கு நகர்ந்து உட்காருவார்கள். அது முதல் அந்த இரவு முழுவதும் அந்த இடமே அவர்களுக்கு வீடு.

தோணியில் அடுப்பு என்பது மண் நிரப்பிய மரப்பெட்டிக்குள் அமைந்தது. காற்று பலமாக இருந்தால் தீ மூட்டுவதற்கில்லை. எனவே சூடான கஞ்சி கிடைக்கும் நேரத்தைக் காற்றுதான் நிச்சயிக்கும். தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பதும், சுக்குத் துண்டை வாயில் அடக்குவதும் கைகண்ட வைத்தியங்கள். தூங்காத குழந்தைக்குத் தாய் ஆகாயத்தைக் காட்டுவாள். அதே ஆகாயத்தைத்தான் சுக்கானைப் பிடித்தவனும் பார்த்துக்கொண்டிருப்பான். தாய்க்கு அம்புலி, அவனுக்கு வடமீனும் ஆறாமீனும். விடிவெள்ளி எழும் வேளையில் கோடிக்கரையின் காடு கருங்கோடாகத் தென்பட்டால் பிரயாணம் நல்லபடி முடிந்ததென்று பொருள். காற்று ஓய்ந்து பாய் தொங்கிவிட்டாலோ, ஓரிரவு இரண்டாகும், மூன்றாகும். அப்போது குடத்து நீரை அளந்து வார்க்கும் பொறுப்பு, எந்த மாலுமியின் பொறுப்புக்கும் குறைந்ததன்று. வீட்டைப் பராமரிக்கும் அறிவு கடலிலும் உயிரைக் காக்கும் அறிவாக இருந்த இடம் அது.

ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சென்னை வந்ததையும், 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதையும் தமிழ்நாடு நன்றியோடு சொல்லுகிறது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை சென்னைச் சர்வகலாசாலையின் முதற்பட்டத்தைப் பெற்றதும், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்ததும் பிரசித்தம். அறிஞர்கள் இப்படி வந்து போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், யாழ்ப்பாணத்தார் சிதம்பரத்தில் தங்களுக்கென மடங்கள் ஏற்படுத்தியிருந்தார்கள். தனி மனிதர்கள் மட்டுமே வருவதாயிருந்தால், வீதிக்கொரு மடம் எதற்கு? வந்தவர்கள் குடும்பங்களாக வந்தார்கள் என்பதற்கு அந்தக் கட்டடங்களே சாட்சி.

வணிகத் தோணியின் நிலை வேறு. ரங்கூனிலிருந்து அரிசியும் தேக்கும் ஏற்றிவர மாதக்கணக்கில் சென்ற கலங்களில் பெண்களுக்கு இடமில்லை. வல்வெட்டித்துறையின் கடலோடி வீடுகளில் வரவு செலவும் பிள்ளைகளின் படிப்பும் கோயில் திருப்பணியும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பிலேயே நடந்தன. அவ்வூரில் கட்டப்பட்ட 89 அடி நீளமுள்ள அன்னபூரணி என்ற கலத்தை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டி, வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவரைக் கொண்டு செலுத்த, சூயஸ் கால்வாயையும் அட்லாண்டிக் சமுத்திரத்தையும் கடந்து அது 1938 ஆகஸ்டு 1ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கிளாஸ்டர் துறையை அடைந்த கதை, ஈழத்தமிழர் பெருமையோடு சொல்லும் கதை. இதே ராபின்சன் அதற்கு முன்பே மனைவி புளோரன்ஸோடு ஒரு சிறு பாய்க்கலத்தில் கலாபகஸ் தீவுகளுக்குச் சென்று, அங்கே ராபின்சனுக்குக் குடல்வால் நோய் கண்டு, பனாமாவிலிருந்து மருத்துவர்கள் விமானத்தில் வந்து சிகிச்சை செய்து காப்பாற்றிய செய்தி 1934இல் உலகப் பத்திரிகைகளில் பரவியது. மனைவியோடு பாய்க்கலத்தில் சென்றது மேனாட்டில் ஒரு சாகசமாகப் பேசப்பட்ட அதே காலத்தில், பாக் நீரிணையில் பாட்டியும் பேரனும் கோழிக்கூடும் சேர்ந்து பாய்க்கலத்தில் போவது பேசப்படுவதற்கே உரியதாகத் தோன்றாத நித்திய சம்பவமாயிருந்தது. ஆகவேதான் அது எழுதப்படவும் இல்லை.

யாத்திரைக் குடும்பங்களைவிடப் பன்மடங்கு பெருந்தொகையினராக அக்கடலைப் பாய்க்கலங்களில் கடந்தவர்கள், இலங்கைக் காபித் தோட்டங்களுக்குச் சென்ற கூலி மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கங்காணிகளின் தலைமையில், தொண்டியிலும் அம்மாபட்டினத்திலும் பாம்பனிலும் நெருக்கியடித்து ஏற்றப்பட்டு, மன்னார்க் கரையில் இறக்கப்பட்டு, அங்கிருந்து மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுப் பாதையில் நடந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. ஆரம்ப காலத்தில் அப்பிரயாணம் பெரும்பாலும் ஆண்களுடையது. காபி பருவத்துப் பயிர், அறுவடை முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869இல் காபிச் செடியின் இலையைப் பற்றிய ஒரு பூஞ்சை நோய் அத்தொழிலைச் சில வருஷங்களில் நாசமாக்க, அதற்குப் பதிலாகத் தேயிலை வந்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கிள்ளப்பட வேண்டிய பயிர். அதைக் கிள்ளப் பெண்களின் கைகள் வேண்டும். அன்றுமுதல் ஆண்கள் தனியே போய்த் திரும்பும் வழக்கம் குறைந்து, குடும்பம் குடும்பமாகக் கடலைக் கடந்தார்கள். ஓர் இலையில் விழுந்த நோய், ஒரு கடலின் பிரயாணிகளையே மாற்றிவிட்டது. சிதம்பரத்துக்குப் போகும் தாய் திரும்பி வருவதற்காகப் பனாட்டைக் கட்டினாள். கண்டிச் சீமைக்குப் போன தாய் திரும்புவோமா என்று அறியாமலே கலத்தில் ஏறினாள். இரண்டும் ஒரே கடல், ஒரே பாய், ஒரே காற்று.

குடும்பங்களைப் பாய்க்கலத்தில் ஏற்றிய பஞ்சத்தை எண்ணும்போது, மறுபடியும் எங்கள் பேட்டையை நினைக்க வேண்டியிருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம், சென்னை மாகாணத்தையும் மைசூர் ராஜ்யத்தையும் ஒருங்கே சூறையாடியது. 1871ஆம் ஆண்டுக் கணக்கில் 50 லட்சத்துக்கு மேலிருந்த மைசூர் ராஜ்யத்து ஜனத்தொகை, 1881இல் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1875இல் தொடங்கி 1882இல் முடிந்த மரியன்னை ஆலயத்தின் கட்டட வேலை, அந்தக் கொடிய ஆண்டுகளின் ஊடேதான் நடந்தது. அதே ஆண்டுகளில் சென்னையில், பட்டினியால் வாடியவர்களுக்கு நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் நீளக் கால்வாய் வெட்டப்பட்டது. 1806இல் பேசில் காக்ரேன் என்ற தனி மனிதர் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய் இவ்விதம் விரிந்து, அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டிச் சுமார் 260 மைல் செல்லும் அந்நீர்வழியில், காற்று வாய்த்தபோது பாய் விரித்தும், வாய்க்காதபோது கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும், விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் சென்றன. கடலுக்கு அஞ்சிய நகரவாசிகளும் குடும்பத்தோடு ஏறத்தக்க படகுப் பிரயாணம் அது. மாலையில் ஏறி, சோற்று மூட்டையை அவிழ்த்து உண்டு, உறங்கி எழுந்தால் மாமல்லபுரம் அருகில் இருக்கும். பாரதிதாசன் 1934இல் நண்பர்களோடு அவ்வாறு சென்றுவந்து பாடிய கவிதையில், இரவெல்லாம் படகை இழுத்தவர்களின் துன்பத்துக்கும் இடமளித்தார். பஞ்சத்தில் அதை வெட்டியவர்களின் எலும்பும் அந்த நீருக்கடியில் உண்டென்பதை நாமும் மறக்கலாகாது.

பாக் நீரிணையின் பாய்களை இறக்கியது புயலன்று. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, அடுத்த வாரமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும், குடும்பப் பிரயாணிகள் மெல்ல அதன்பால் சென்றார்கள். அது இயற்கையான மாறுதல். அதில் வருந்த ஏதுமில்லை. ஆனால் 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் செய்த காரியம் வேறு. அதுவரை தோணியாயிருந்தது அதன்பின் கள்ளத்தோணி ஆயிற்று. கலம் மாறவில்லை, தண்டையல் மாறவில்லை, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த தாயும் மாறவில்லை. அவர்களுக்கு இடப்பட்ட பெயர் மாறிற்று. நாளடைவில் அச்சொல், தோணியில் ஒருநாளும் ஏறாத, மலையிலேயே மூன்று தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த தொழிலாளரின் முகத்தில் வீசப்படும் வசையாகவும் ஆனது. தமிழ்மொழிக்கு ஏற்பட்ட அவமானங்களில் அதையும் ஒன்றாக நான் எண்ணுகிறேன்.

1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அத்தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. இரண்டு மாதம் செல்வதற்குள், டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. பின்னர் ராமேசுவரத்தில் வந்து இறங்கிய அக்குடும்பங்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்கும், ஒரு பகுதியினர் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதி ரப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். 1983க்குப் பின்னரோ, போருக்கு அஞ்சிய குடும்பங்கள் அதே கடலை இயந்திரப் படகுகளில், விளக்கணைத்த இரவுகளில் கடந்தன. குழந்தை அழுதால் காட்டிக்கொடுத்துவிடுமே என்று வாய் பொத்திய தாய்மார்கள் அவற்றில் இருந்தார்கள். முன்னொரு காலத்தில் தோட்டங்களுக்குச் செல்பவர்களை நோய்ப் பரிசோதனைக்காகத் தங்கவைத்திருந்த மண்டபம் முகாமே, இவர்களை ஏற்கும் அகதி முகாமாயிற்று. போகும் தலைமுறையையும் வரும் தலைமுறையையும் ஒரே கொட்டகைகள் கண்டன.

பழைய குடும்பப் பிரயாணத்தின் ஒரே ஒரு துண்டு, சிதைந்தும் சிறுத்தும், இன்னும் உயிரோடிருக்கிறது. கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர், குடிநீர் இல்லை, குடிமக்கள் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமநாதபுரத்துக் கரையைச் சேர்ந்த மீனவர் ஒருவர் கட்டியதாகச் சொல்லப்படும் அந்தோணியார் கோயில் அங்கே உண்டு. முன்னெல்லாம் ஆண்டுக்கொருமுறை, இருகரையிலிருந்தும் வத்தைகளில் குடும்பங்கள் புறப்பட்டுவந்து, கொண்டுவந்த நீரில் சமைத்து, மரநிழலில் பாய் விரித்து, திருப்பலி கண்டு, சோப்பையும் சேலையையும் தேங்காயெண்ணெயையும் கைமாற்றிக்கொண்டு, அக்கரை உறவினரோடு ஓரிரவு பேசிக் கழித்துத் திரும்பும். கையைச் சுட்டுக்கொண்ட சமையல், தொலைந்து கிடைத்த பிள்ளை, நிச்சயமான கலியாணம் என்று ஒரு கிராமத்தின் வாழ்வு முழுவதும் அந்த மணல்மேல் இரண்டு நாள் நடக்கும். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் அத்தீவு இலங்கைக்குப் போயிற்று. ஆயினும் யாத்திரிகர் பயண அனுமதிச் சீட்டின்றி வந்துபோகலாம் என்று அவ்வொப்பந்தமே ஐந்தாவது பிரிவில் சொல்லுகிறது. அரசுகள் எழுதிய ஓர் ஆவணத்தில், சாதாரணக் குடும்பங்களின் கடல் வழக்கத்துக்கு இவ்வளவேனும் மதிப்பளிக்கப்பட்டதே என்று நான் ஆறுதல் அடைந்ததுண்டு. போர் அந்த ஆறுதலையும் பல வருஷங்கள் பறித்துவைத்திருந்தது. இப்போது விழா மறுபடியும் நடக்கிறது. போகிறவர்கள் முன்கூட்டியே பெயரைப் பதிந்து, இயந்திரப் படகுகளில் போகிறார்கள்.

2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டபோது, ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் அக்கரை சேரலாம் என்று பத்திரிகைகள் எழுதின. நல்ல செய்தி, அந்தப் போக்குவரத்து நிலைக்க வேண்டும். அதே சமயத்தில், பாயின் கீழே ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து அக்கடலைக் கடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுள்ளியாவில் இருக்கிறார்கள், நீலகிரியில் இருக்கிறார்கள், மண்டபத்திலும் இருக்கிறார்கள்; வேலை தேடி வந்து பெங்களூரின் தமிழ் வீதிகளிலும் அவர்கள் இருக்கக்கூடும். தாயும் பாட்டியும் தங்களுக்குச் சொன்னதை, எந்தத் துறையில் ஏறினார்கள், கையில் என்ன கொண்டுவந்தார்கள், குழந்தைக்கு எதைக் கொடுத்து உறங்கவைத்தார்கள் என்பதை, அவர்கள் சொல்லக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். தேதி தெரியாவிட்டாலும் குற்றமில்லை. காற்றின் பெயரைக் கேட்க மறவாதீர்கள்.